பின்னால் வருகிறவரின் 40 விநாடி



பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையைப் பற்றிய பதிவு என்பதால் உங்களிடமும் கொஞ்சம் பொறுமை கேட்கிறோம்.

எங்கள் வீட்டில் ஒரு மொறிஸ் மைனர் நிற்கிறது. 1958ஆம் ஆண்டுக் கார். நாங்கள் ஊர் திரும்பிய பிறகு 2012இல் வாங்கினோம். பண்ணைப் பாலத்திலோ கண்டி வீதியிலோ அதை எடுத்துக்கொண்டு போனால் பத்து நிமிடத்துக்குள் பின்னால் ஒரு வால் முளைத்துவிடும். முதலில் ஒரு ஓட்டோ, அதற்குப் பின்னால் ஒரு ஹைஏஸ் வான், அதற்கும் பின்னால் ஒரு டிப்பர். பிறகு ஹோர்ன் தொடங்கும். எதிரே வருகிறவர்கள் போனை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். பின்னால் வருகிறவர்கள் திட்டுகிறார்கள். கார் ஒன்றுதான், நிமிடமும் ஒன்றுதான்.

பின்னால் வருகிறவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. போன மாதம் கைதடியில் நடந்த ஒன்றுக்குப் பிறகு அந்த உரிமை எங்களுக்குக் குறைந்துவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறோம். அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம். வாத்தியார் தொழில், விட முடியாது.

மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்தது. செய்யும்போது அதற்கு வைத்திருந்த பெயர் 'மொஸ்கிற்றோ'. நம் பாஷையில் நுளம்பு. கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அதைப் பிடிக்கவே இல்லை. அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்றாராம். அந்த முட்டைதான் பிறகு 10 இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் ஆனது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்காலத்தில் மினி காரையும் செய்தவர் இவரே.

இவரைப் பற்றி ஒரு விசயம் தெரிந்த பிறகு அந்தக் காரை நாங்கள் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினோம். இசிகோனிஸ் பிறந்தது துருக்கியின் ஸ்மிர்னா நகரில், 1906இல். இன்று அந்த நகரின் பெயர் இஸ்மீர். தந்தை அங்கே கப்பல் இயந்திரத் தொழிற்சாலை வைத்திருந்த கிரேக்கர், பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். 1922இல் யுத்தம் நகரத்துக்குள் வந்தபோது குடும்பத்தைப் பிரித்தானியக் கப்பலில் ஏற்றி மால்ட்டாவுக்கு அனுப்பினார்கள். தொழிற்சாலை, வீடு எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. தந்தை கொஞ்ச நாளில் இறந்துபோனார். தாயும் மகனும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். ஆக, எங்கள் முற்றத்தில் நிற்கும் இந்தச் சின்னக் காரைச் செய்தவர், பதினைந்து பதினாறு வயதில் ஊரை விட்டு வெளியேறிய ஓர் அகதிப் பொடியன்.

காரின் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னால் வருகிறவருக்குத் தெரியாததும் அதுதான். என்ஜின் 948 சீசீ. 60 மைல் வேகத்தை எட்ட அரை நிமிடம் அளவில் பிடிக்கும். நாலு சில்லிலும் டிரம் பிரேக். பிரேக் சூவை அடிக்கடி சரிபார்க்காவிட்டால், அழுத்தியதும் ஒரு பக்கம் இழுக்கும். முதலாம் கியருக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் மாற்றும் வசதி கிடையாது. ஏறத்தாழ நின்றுதான் போட வேண்டும். சிக்னல் என்பது பின்னால் மின்னும் விளக்கு அல்ல. இரண்டு கதவுக்கும் நடுவில் உள்ள தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும். 1961 வரை மைனர்கள் அப்படித்தான் வந்தன. இன்றைக்கு ஓட்டோ ஓட்டும் 20 வயதுப் பொடியனுக்கு அது சிக்னல் என்று எப்படித் தெரியும்? ஏதோ கழன்று தொங்குகிறது என்று நினைப்பான்.

இப்போது கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். காரே அவசரக்காரனாக இருந்த காலத்துக்கு.

1865இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. என்ஜினால் ஓடும் வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல், ஊருக்கு வெளியே 4 மைல் வேகத்தில்தான் போகலாம். அதற்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நடந்து போக வேண்டும். வீதி அன்றைக்குக் குதிரைக்கும் நடக்கிறவனுக்கும் சொந்தம். என்ஜின் பின்னால் வந்த விருந்தாளி. 1896இல் எல்லையை 14 மைலாக உயர்த்தியபோது அங்கே கொண்டாட்டமே நடந்தது.

யாழ்ப்பாணத்திலும் அதே கதை, கொஞ்சம் பிந்தி. ஐம்பது அறுபதுகளில் கே.கே.எஸ். வீதியிலும் கண்டி வீதியிலும் மாட்டு வண்டி, சைக்கிள், தலையில் கடகத்தோடு சந்தைக்குப் போகும் பெண்கள், இடையில் ஒரு தட்டி வான். லொறி சசியில் பலகையால் உடம்பு கட்டி, பின் தட்டியில் ஆளும் மூட்டையுமாகத் தொங்கவிட்டு ஓடியது தட்டி வான். அந்தக் கூட்டத்துக்குள் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது யார்? ஒஸ்ரின் ஏ40 வைத்திருந்தவர்கள். அதாவது எங்கள் வாப்பா மாதிரியானவர்கள்.

வாப்பா இரும்புக் கடை வைத்திருந்தார். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களில் பலருக்கு இரும்பு, பழைய இரும்பு, லொறி, தையல் என்று இந்த வகைத் தொழில்கள்தான். அவருடைய ஏ40 சோமர்செற், சோனகத்தெரு ஒழுங்கைக்குள் திரும்பும்போதே ஹோர்ன் கேட்கும். வண்டில்காரர் மாட்டை ஓரங்கட்டி முடிக்கும் வரை கையை எடுக்க மாட்டார். உம்மா, "சபூர் பண்ணுங்களேன், அந்த மாடு எங்க பறக்கவா போகுது?" என்பார். இன்றைக்கு எங்கள் பின்னால் நின்று ஹோர்ன் அடிக்கிற வான்காரனைப் பார்க்கும்போது வாப்பாவின் கைதான் ஞாபகம் வருகிறது. கார் மெதுவாகவில்லை. அன்றைக்கும் 30 மைல், இன்றைக்கும் 30 மைல். அதைச் சுற்றி வீதிதான் வேகமாகிவிட்டது.

இந்தக் கார்கள் இங்கே இவ்வளவு காலம் நிலைத்ததற்கு யாழ்ப்பாணத்தாரின் சிக்கனம் காரணம் என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதி டொலர். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதியை அரசாங்கம் இறுக்கியது. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்து விடும் வரை உள்ள காரைத்தான் ஓட்ட வேண்டும். எழுபதுகளில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி தடைப்பட்டபோது குடாநாட்டு விவசாயி கையில் காசு வந்தது. புதுக் கார் இல்லை. அதனால் பழைய ஏ40க்கும் மைனருக்கும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டுக்கும் கிராக்கி. உதிரிப்பாகம் வராது, கராஜில் கடைந்து போடுவார்கள். இப்படி ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் இங்கே உருவானார்கள். 2020இல் மறுபடி வாகன இறக்குமதி நின்று ஐந்து வருடத்துக்குப் புதுக் கார் வராமல் இருந்தபோது, இந்தச் சரித்திரம் திரும்பி வந்ததை எல்லோரும் கண்டோம்.

பிறகு 1990. ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியது. கொழும்புக்கான ரயில் நின்றது. பெற்றோல் வடக்குக்கு வருவது நின்றது. வாப்பாவின் ஏ40 போர்த்துக் கட்டியபடி முற்றத்தில் நின்றது.

ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை ஊரை விட்டு வெளியேறும்படி புலிகள் அறிவித்தார்கள். அவகாசம் 2 மணித்தியாலம். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். இதை விவரித்து எழுதுவது இந்தப் பதிவின் வேலை அல்ல. எழுதியவர்கள் பலர் இருக்கிறார்கள். காரைப் பற்றி மட்டும் சொல்கிறோம். வாப்பா சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தார். எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம்தானே என்று புத்தளத்தில் முகாமில் இருந்தபோது ஒரு நாள் கேட்டோம். "கார் இல்லாம சாவிய வெச்சு என்ன செய்ய? எடுக்கிறவனாவது ஒழுங்காத் திறக்கட்டும். கதவை உடைச்சாப் பாவம்" என்றார். அந்தக் கதவின் மேல் அவருக்கு அவ்வளவு கவனம்.

அதற்குப் பிறகு யாழ்ப்பாண வீதிகளில் என்ன நடந்தது என்பதை நாங்கள் கண்ணால் காணவில்லை. ஊர் திரும்பிய பிறகு அயலவர்களிடமும், கராஜ்காரர்களிடமும், எங்களோடு படிப்பிக்கும் ஆசிரியர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். பழைய கார்களின் உண்மையான வீரகாவியம் அந்த வருடங்கள்தான்.

பெற்றோல் தடை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பிரசவத்துக்குப் போக வேண்டும், பிணம் கொண்டுபோக வேண்டும். அப்போது மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். புதிய என்ஜினில் இது நடக்காது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் என்ஜின்களில் சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் அமுங்கும் அளவு குறைவு; மட்டமான எரிபொருளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைக் கட்டித் தொங்கவிட்டு, குழாயால் காபரேற்றருக்குக் கொடுத்து ஸ்ரார்ட் பண்ணுவார்கள். என்ஜின் நன்றாகச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முன்னால் மறக்காமல் மறுபடி பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை ஸ்ரார்ட் ஆகாது. எரியாத மண்ணெண்ணெய் இறங்கி என்ஜின் ஒயில் தண்ணீராகிவிடும், ஒயிலும் கிடையாது. பின்னால் வெள்ளைப் புகை. வேகம், சைக்கிளை விடக் கொஞ்சம் கூட.

"அப்ப பின்னால ஹோர்ன் அடிக்க ஆருமில்லையோ?" என்று ஒரு முறை பழைய ஹயர் கார்க்காரர் ஒருவரிடம் கேட்டோம். சிரித்தார். "ஹோர்ன் அடிக்க பற்றறி வேணுமே மாஸ்ரர்" என்றார். பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள்தான். காரைத் தள்ளித்தான் ஸ்ரார்ட் பண்ணுவார்கள். தள்ளுவதற்கு, பின்னால் வந்த சைக்கிள்காரர் இறங்குவார். தெரிந்த ஆளா, தெரியாத ஆளா என்று பார்ப்பதில்லை. உள்ளே நோயாளி என்றால் நாலு பேர் இறங்குவார்கள்.

அந்த மனிதர் இன்னொன்றும் சொன்னார். 1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த நாள். நாங்கள் வெளியேற்றப்பட்டு, நாள் கணக்கில் சரியாக ஐந்து வருடம். கண்டி வீதியில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி, மழைக்குள், சைக்கிளும் மாட்டு வண்டியும் மூட்டையும் முதியவர்களும். நடுவில் அவருடைய ஏ40. உள்ளே ஒன்பது பேர். நடக்கிற ஆளை விட மெதுவாகத்தான் நகர முடியும். என்ஜின் கொதிக்கும், நிறுத்தி ஆற விட்டு, மறுபடி தள்ளி எடுக்க வேண்டும். "அண்டைக்கு ஒருதரும் எங்களை முந்தேல்லை. நாங்களும் ஒருதரையும் முந்தேல்லை. எல்லாருக்கும் ஒரே அவசரம், அதால ஒருதரும் அவசரப்படேல்லை" என்றார்.

இரண்டு ஒக்ரோபர் 30களையும் அந்த மனிதரும் நாங்களும் அன்று ஒரே தேநீர்க் கடையில் இருந்து கதைத்தோம். யார் கூட இழந்தது என்று கணக்குப் பார்க்கவில்லை.

2002இல் ஏ9 வீதி திறந்தது. 2006இல் மூடியது. 2009இல் யுத்தம் முடிந்து மறுபடி திறந்தது. நாங்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினோம், எல்லோரும் அல்ல. பிறகு வீதிகளுக்குக் காப்பற் போட்டார்கள். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. லீசிங் கம்பனிகள் வந்தன. முற்பணம் கொஞ்சம் கட்டினால் ஓட்டோ, கொஞ்சம் கூடக் கட்டினால் வான். இருபது வருடம் மண்ணெண்ணெய்ப் புகைக்குள் காத்திருந்த ஊருக்கு, ஒரேயடியாக வழவழப்பான வீதியும் வேகமான வாகனமும் கிடைத்தன. ஓடிப் பார்க்க மாட்டார்களா?

அதோடு மாதக் கட்டணம். ஓட்டோக்காரப் பொடியன் ஹோர்ன் அடிப்பது எங்கள் மேல் உள்ள கோபத்தில் அல்ல. லீசிங் திகதி நெருங்குகிறது. மினிபஸ்காரரின் கதை இன்னும் பழையது. 1958 ஜனவரி 1இல் பஸ் சேவை அரசுடைமையானது. எழுபதுகளின் இறுதியில் தனியாருக்கு மறுபடி இடம் கொடுத்தார்கள். அன்று முதல், ஒரே வீதியில் இரண்டு பஸ், ஒரே தரிப்பிடத்தில் நிற்கும் ஒரே பயணி. யார் முந்துகிறாரோ அவருக்குத்தான் அந்த ரிக்கற். அந்தப் போட்டிக்கு நடுவில் 30 மைலில் ஒரு மொறிஸ் மைனர் போனால் எப்படி இருக்கும்?

2022 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பெற்றோல் செட்டில் நாள் கணக்கில் வரிசை. கியூஆர் கோட் வந்தபோது கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். எங்கள் மைனர் வரிசையில் நின்றபோது முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் எல்லாம் வந்து சுற்றிப் பார்த்தார்கள். "சேர், இது மண்ணெண்ணெயில ஓடுமோ?" என்று கேட்டார்கள். ஓடும், ஆனால் மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான். அந்த நாட்களில் ஹோர்ன் சத்தம் கேட்கவே இல்லை. ஒருவருக்கொருவர் இடம் பிடித்துக் கொடுத்தார்கள், தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். வாகனத்தைத் தள்ளி நகர்த்தினார்கள். வரிசை முடிந்தது; மறு மாதமே ஹோர்ன் திரும்பி வந்தது.

இனிக் கைதடி.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. எங்களோடு படிப்பிக்கும் ஆசிரியரின் தகப்பனார் மௌத்தாகிவிட்டார். சாவகச்சேரியில் செத்த வீடு. வீட்டுக்காரியையும் ஏற்றிக்கொண்டு மைனரில் புறப்பட்டோம். நாவற்குழிப் பாலம் தாண்டியதிலிருந்து பின்னால் ஒரு மினிபஸ். லைட் அடிக்கிறது, ஹோர்ன் அடிக்கிறது. இடது பக்கம் ஒதுங்க ஓர் இடம் வந்தது, ஒதுங்கவில்லை. இன்னோர் இடம் வந்தது, அதிலும் ஒதுங்கவில்லை. ஏன்? சட்டப்படி போகிறோம், எங்கள் பக்கத்தில் போகிறோம், வரி கட்டிய வீதி, நாங்கள் ஏன் ஒதுங்க வேண்டும் என்ற ரோசம். 1990இல் ஒதுங்கச் சொன்னார்கள், ஒதுங்கினோம். இனியும் ஒதுங்க மாட்டோம் என்றுகூட மனதுக்குள் எங்கோ ஒரு குரல். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

மினிபஸ் வலது பக்கம் எடுத்து எங்களை முந்தத் தொடங்கியது. அப்போது எங்கள் கால் அக்சிலேற்றரை அழுத்தியது. 25 மைலில் போன கார் 35ஐத் தொட்டது. மினிபஸ் எங்களுக்கு நேராக வந்து நின்ற மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முந்தவும் முடியவில்லை, பின்வாங்கவும் முடியவில்லை. எதிர்ப் பக்க ஒழுங்கையிலிருந்து ரியூசனுக்குப் போகும் பிள்ளை ஒன்று சைக்கிளில் வீதிக்கு ஏறியது.

மினிபஸ் எங்கள் பக்கம் வெட்டியது. அதன் கண்ணாடி எங்கள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போனது. நாங்கள் பிரேக்கை மிதித்தோம். டிரம் பிரேக் இடது பக்கம் இழுத்தது. தாரை விட்டு இறங்கி, ஒரு பனையடியில் போய் நின்றோம். அந்தப் பிள்ளை பயத்தில் சைக்கிளோடு மணலில் விழுந்திருந்தாள். முழங்கால் இரண்டும் உரசி இரத்தம். வேறு ஒன்றும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்காரி இறங்கி ஓடிப் போய் அவளைத் தூக்கினார்.

மினிபஸ்ஸை நிறுத்திவிட்டுச் சாரதி இறங்கி வந்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தோம். கிட்ட வந்ததும் முகம் மாறிவிட்டது. எங்களிடம் படித்த பொடியன். "சேர், நீங்களோ?" என்றான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டான். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் விளங்காததைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டான்.

"நான் முந்தேக்க நீங்கள் ஏன் சேர் ஸ்பீட்டக் கூட்டினனீங்கள்?"

முப்பது வருடமாகப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வருகிறோம். இதற்குப் பதில் இருக்கவில்லை.

"நீ ஏன் இவ்வளவு அவசரப்பட்டாய்?" என்று மட்டும் கேட்டோம். "பின்னால மற்ற பஸ் வந்திட்டால் எனக்குச் சனம் இல்லை சேர்" என்றான்.

அன்று இரவு, பழக்க தோசம், ஒரு கணக்குப் போட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி சுமார் 16 கிலோமீற்றர். மணிக்கு 60இல் போனால் 16 நிமிடம். எங்கள் வேகம் மணிக்கு 45 என்று வைத்துக்கொண்டால் 21 நிமிடத்துக்குச் சற்றுக் கூட. முழுத் தூரமும் எங்கள் பின்னாலேயே வந்தாலும் இழப்பு ஐந்து நிமிடம்தான். ஆனால் யாரும் முழுத் தூரம் வரத் தேவையில்லை. ஒதுங்க இடம் கிடைக்கும் வரை 2 கிலோமீற்றர் எங்கள் பின்னால் வந்தால் 160 விநாடி. 60இல் போயிருந்தால் 120 விநாடி. வித்தியாசம் 40 விநாடி. அவன் அந்த 40 விநாடியைக் கேட்டான். நாங்கள் கொடுக்கவில்லை. இடையில் நின்றது ஒரு பிள்ளையின் உயிர்.

இதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சில ஒழுங்குகள் வைத்திருக்கிறோம். பழைய கார் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறோம்.

பின்னால் மூன்று வாகனம் சேர்ந்தால், அடுத்த நல்ல இடத்தில் ஒதுங்கி நின்று விடுகிறோம். ஹோர்ன் அடிக்கும் வரை காத்திருப்பதில்லை. எங்கெங்கே ஒதுங்கலாம் என்பதைப் புறப்படும்போதே மனதில் வைத்துக்கொள்கிறோம்: செம்மணி வளைவடி, நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால், கைதடிச் சந்தி. பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். அங்கே ஒதுங்குவது கஷ்டம். அதனால் தீவுப் பக்கம் போவதென்றால் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு போய்விடுகிறோம்.

யாராவது முந்தத் தொடங்கினால் காலை எடுத்துவிட வேண்டும். அவர் செய்வது பிழையாக இருந்தாலும் சரி. அந்த நேரத்தில் அவர் சீக்கிரம் முந்தி முடிப்பதுதான் எல்லோருக்கும் பாதுகாப்பு. கையைக் காட்டி "போ, போ" என்று சொல்வதையும் விட்டுவிட்டோம். முன்னால் உள்ள வளைவு எங்களுக்கும் முழுதாகத் தெரியாது. எங்கள் கையை நம்பி ஒருவர் போய் அடிபட்டால் யார் பொறுப்பு?

முன்னால் போகிற வாகனத்துக்கு வழமையை விட இரண்டு மடங்கு இடைவெளி விடுகிறோம். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் கார் ஒரு விநாடியில் 14 மீற்றர் போகும். டிரம் பிரேக்குக்கு அதன் பிறகும் தூரம் வேண்டும். அந்த இடைவெளிக்குள் மோட்டார் சைக்கிள் புகும். புகட்டும், மறுபடி இடைவெளி விடுவோம். பக்கக் கண்ணாடி இரண்டு பெரிதாகப் போட்டோம். தூணிலிருந்து நீளும் அந்தச் சின்னக் கையைக் கழற்றவில்லை, ஆனால் பின்னால் மின்னும் விளக்கும் பூட்டியிருக்கிறோம். கார்ப் பிரியர்கள் சிலருக்கு இது பிடிக்காது. அசலாக இருப்பது அழகுதான். ஆனால் பின்னால் வருகிறவருக்கு விளங்குகிற பாஷையில் சொல்ல வேண்டுமே. மகள் ஒரு ஸ்ரிக்கரும் ஒட்டியிருக்கிறாள்: "1958இல் பிறந்தவர். பாத்துப் போங்கோ." அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு முந்துகிறவர்கள் ஹோர்ன் அடிப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறோம்.

பாடசாலை விடும் நேரம், ரியூசன் நேரம், இருட்டு: இந்த மூன்றிலும் காரை எடுப்பதில்லை. எங்கே போவதானாலும் 15 நிமிடம் முந்திப் புறப்படுகிறோம்.

எங்களிடம் படித்து, இன்று பஸ், வான், ஓட்டோ, டிப்பர் ஓட்டும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நகரத்துக்குள் காருக்கு 50, வெளியே 70 என்பது உச்ச எல்லை. அந்த வேகத்தில் போயே ஆக வேண்டும் என்பதல்ல. முன்னால் ஒரு பழைய ஒஸ்ரினோ மைனரோ ஆறுதலாகப் போனால், அது பிரேக் பிடித்து நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்ட ஒட்டிக்கொண்டு வராதீர்கள். அந்தக் காரில் உங்கள் அம்மம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். அதை உங்கள் அப்பா இறங்கித் தள்ளியிருக்கலாம். நாங்கள் ஒதுங்குவோம். வளைவு மட்டும் தாண்டட்டும்.

அந்தப் பிள்ளையின் முழங்கால் ஆறிவிட்டது. போன கிழமை போய்ப் பார்த்தோம். சைக்கிளின் முன் சில்லு கோணியிருந்தது, மாற்றிக் கொடுத்தோம். மினிபஸ் பொடியனும் வந்திருந்தான். எங்கள் உடைந்த கண்ணாடிக்குக் காசு தர வந்தான், வாங்கவில்லை. அதற்குப் பதிலாக மைனரைக் கொஞ்சத் தூரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். ஒழுங்கை முனை வரை போய்த் திரும்பி வந்தான். வேர்த்திருந்தான்.

"பிரேக் பிடிக்கிறதே இல்லை சேர்" என்றான்.

"பிடிக்கும். கொஞ்ச நேரம் எடுக்கும்" என்றோம்.